ரெண்டரை வருஷ நடைக்கு அரைக் கிலோ

கடைக்கு வர்றவங்க எல்லாரும் தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அக்கா, தினமும் தெப்பக்குளத்துல நடக்குறீங்களே, எம்புட்டுக் குறைஞ்சீங்க?" நான் உண்மையைச் சொல்லிருவேன், ரெண்டரை வருஷத்துல அரைக் கிலோ. 71ல இருந்து 70.5. கேட்டவங்க முகம் அப்படியே சுருங்கிப்போகும், பாவம், எனக்காக வருத்தப்படுவாங்க. ஒருத்தங்க, "அப்ப எதுக்குக்கா காலங்காத்தால எந்திரிச்சுக் கஷ்டப்படுறீங்க, பேசாம தூங்கலாம்ல"ன்னே கேட்டுட்டாங்க. கையில கொக்கி கட்ட வேண்டிய ப்ளவுஸ், வாயில ஊசி, நின்ன வாக்குல என்னத்தச் சொல்ல. அதான் உக்காந்து எழுதுறேன்.

மதுரைல காமராசர் சாலைப் பக்கம் ஒரு சந்துல எனக்கு சின்னதா ஒரு தையல் கடை. ப்ளவுஸ்தான் மெயின், கூட சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, சுடிதார் ஆல்ட்டர் பண்றது. வயசு 47. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே மிதி மெஷின்ல தச்சவ நான், 2016லதான் மோட்டார் மாட்டினேன். மாட்டின அன்னைக்கு அம்புட்டு சந்தோசம், முழங்கால் வலி போச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு ப்ளவுஸ் கூட இறங்குதுன்னு. இப்ப யோசிச்சுப் பாத்தா அன்னைக்குத்தான் என் காலுக்கு இருந்த ஒரே வேலையும் போயிருக்கு. காலைல பத்து மணிக்கு ஸ்டூல்ல உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறது, திரும்ப உக்காந்தா ராத்திரி ஒம்பது, முகூர்த்த சீசன்னா பதினொண்ணு. சாயங்காலம் ஆச்சுன்னா ரெண்டு கணுக்காலும் வீங்கி கொலுசு பதிஞ்ச தடம் அப்படியே நிக்கும்.

2022 தீபாவளிக்கு இருவது நாளும் சரியா தூங்கல. தீபாவளி முடிஞ்சு கடைசி ப்ளவுஸ் குடுத்த மறுநாள் தலை சுத்தி கட்டிங் டேபிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சரி பாத்துருவோம்னு போய் ரத்தம் குடுத்தா, மூணு மாச சராசரி சுகர், அந்த ஏ1சி, 6.3. ப்ரஷர் 142க்கு 90. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க, 5.7ல இருந்து 6.4 வரைக்கும் வாசல்ல நிக்கிற மாதிரி, 6.5 ஆச்சுன்னா உள்ள வந்தாச்சுன்னு அர்த்தம், இப்ப மாத்திரை வேணாம், நடங்க, சாப்பாட்டுல சோத்தைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்னு. எங்க அம்மாவுக்கு சுகர்ல ரெண்டு விரல் எடுத்தாங்க, அந்தக் கட்டை நான்தான் தினமும் மாத்தி விட்டேன், அதனால அந்த 6.3ங்குற நம்பர் எனக்கு வெறும் நம்பரா தெரியல.

ஆனா ஒண்ணு, உடம்புக்குன்னு இறங்கினது எனக்கு அது முத தடவை கிடையாது. 2019லயே ஒரு ஜிம்ல மூணு மாசப் பணம் மொத்தமா கட்டிட்டு மூணாவது வாரம் நின்னவ நான். காரணம் வேற ஒண்ணுமில்ல, அங்க வாசல்லயே ஒரு எடை மெஷின் வச்சிருந்தாங்க, உள்ள போகும்போது ஏறி நிக்கணும், சொல்லிக்குடுக்குற பையன் அதை ஒரு சார்ட்ல எழுதுவான். முத வாரம் 72. ரெண்டாவது வாரம் 72.2. மூணாவது வாரம் அந்தப் பையன் சார்ட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் வீட்ல ஒளிச்சு ஒளிச்சு லட்டு திங்கிற மாதிரி. போங்கடான்னு வந்துட்டேன். உடம்பு வலிச்சதுனாலயோ நேரம் இல்லாததுனாலயோ நான் விடல, அந்த மெஷின்தான் என்னை விரட்டுச்சு.

இந்தத் தடவை எம் மக குறுக்க வந்தா. பாப்பா பிசியோதெரபி படிக்கிறா, அப்ப ரெண்டாவது வருஷம். "ம்மா, மொதல்ல அந்த எடை மெஷினை மறந்துரு, நீ டெய்லர் தானே, கஸ்டமருக்கு எடை பாத்தா தைக்கிற? அளவு தானே எடுக்கிற"ன்னா. சொல்லிட்டு என் அளவு நோட்டை எடுத்தா. எல்லா டெய்லர்கிட்டயும் இருக்கும்ல, ஆளுக்கொரு பக்கம், உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை லூஸ், முன் கழுத்து, பின் கழுத்துன்னு. அதுல கடைசிப் பக்கத்துல என் பேரை எழுதி, நான் கேள்விப்படாத அளவா எழுத ஆரம்பிச்சா.

காலைல கண்ணு முழிச்சதும் படுக்கையில இருந்து எந்திரிக்காம நாடியை ஒரு நிமிசம் எண்ணணும், அது 84 இருந்துச்சு. கை வைக்காத நாற்காலில உக்காந்து, ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க வச்சுக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு பாக்கணும், எனக்கு 9. ஒத்தைக் கால்ல நிக்கணும், வலது 8 செகண்ட், இடது 3 செகண்ட், மூணுங்குறதே பாப்பா இரக்கப்பட்டுப் போட்டது. ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது, 3. மாடிப்படி 24 ஏறி மொட்டை மாடிக்குப் போனதும் பேச முடியுதா, முடியல. இடுப்பு இன்ச் டேப்புல 38. எடைக்குன்னு ஒரு வரி கூட இல்ல.

தெப்பக்குளம் எங்க வீட்ல இருந்து நடந்து பத்து நிமிசம்தான். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 1000 அடி வரும், நாலு பக்கமும் சுத்தி வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதெல்லாம் அது காஞ்சுதான் கிடக்கும், உள்ள பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, தை மாசம் தெப்பத்துக்கு மட்டும் தண்ணி விடுவாங்க. இப்ப தண்ணி கிடக்கிறதுனால காலைல அந்தக் காத்தே வேற. முத நாள் ஒரு சுத்து கூட முடியல, முக்கால்வாசிலயே குதிகால் பிடிச்சுக்கிச்சு, கைப்பிடிச் சுவர்ல உக்காந்துட்டேன். ரப்பர் செருப்புல நடந்தது தப்பு. சேலைக்குக் கீழ ஷூ போட்டா சிரிப்பாங்கன்னு ரெண்டு வாரம் யோசிச்சேன், அந்த ரெண்டு வாரமும் குதிகால் வலியோட மெஷின் மிதிச்சேன், அப்புறம் சுடிதார் ஒண்ணு எனக்கே தச்சுக்கிட்டு ஷூ வாங்கினேன். நடக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், பணம் செலவு பண்ணணும்னா மொதல்ல கால்ல பண்ணுங்க, மத்தது எல்லாம் இருக்கிறதை வச்சே ஓட்டிக்கலாம்.

வேகம் எவ்வளவுன்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம். சில பேரு என்னை ரெண்டு தடவை தாண்டிப் போவாங்க, சில பேரு கல்யாண ஊர்வலம் மாதிரி வருவாங்க. பாப்பா ஒரு கணக்கு சொன்னா, நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். பாட முடிஞ்சா நீ உலாத்துற, பேசவே முடியலன்னா அது உனக்கு ஓட்டம் மாதிரி. நான் பக்கத்து வீட்டு மதினி கூடப் பேசிக்கிட்டே நடந்து அந்த வேகத்தைப் பிடிச்சுக்கிட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிசம், மிதமான வேகத்துல. முன்னாடியெல்லாம் ஒரே மூச்சுல பத்து நிமிசமாவது இருந்தாத்தான் கணக்குன்னு வச்சிருந்தாங்களாம், அதையும் எடுத்துட்டாங்க. இது எனக்கு ரொம்ப உதவுச்சு. ஏன்னா கடை வச்சிருக்கிறவளுக்கு அரை மணி நேரம் சேந்தாப்புல கிடைக்கிற நாள் கிடைக்கும், கிடைக்காத நாள் கிடைக்கவே கிடைக்காது.

அதுக்கு நான் கண்டுபிடிச்சது பாபின். மெஷின் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், கீழ் நூல் தீந்தா பாபின் மாத்தியே ஆகணும், அது நம்மளைக் கேட்டுக்கிட்டு தீராது. பாபின் தீந்தா எந்திரிச்சு நிக்கணும், அது என் சட்டம். கட்டிங் டேபிளைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை 20 தடவை தூக்கி இறக்குவேன், அப்புறம் தோள்பட்டை ரெண்டையும் பின்னால ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி இறுக்கி விடுறது ஒரு பத்து. ரெண்டு நிமிசம் ஆகாது. கெண்டைக்கால் சதை சுருங்கும்போதுதான் காலுக்கு இறங்கின ரத்தம் மேல ஏறுது, சும்மா தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தா வீங்கத்தான் செய்யும்னு பாப்பா சொன்னா. ரெண்டு மாசத்துல கொலுசுத் தடம் விழுறது நின்னுச்சு. ஆனா கால் வீக்கம்னாலே எல்லாம் இதுதான்னு நினைச்சுக்காதீங்க, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேற விசயம், உடனே டாக்டர்கிட்ட போங்க.

மொதல்ல மாறினது எதுன்னா தூக்கம். இதை நான் எதிர்பாக்கவே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து ஃபேனைப் பாத்துக்கிட்டு, யாருக்கு எந்த ப்ளவுஸ் குடுக்கணும், சீட்டுப் பணம் எங்க இருந்து வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டுக் கிடப்பேன். மூணாவது வாரமோ நாலாவது வாரமோ ஒரு நாள் காலைல முழிச்சதும்தான் தெரியுது, ராத்திரி முழிக்கவே இல்லன்னு. அளவு நோட்டுல 3ங்குறது 1 ஆச்சு. தினமும் அப்படின்னு சொல்ல மாட்டேன், நடக்காத நாள் அந்த ரெண்டு மணி வந்துரும்.

அடுத்தது கோவம். இதை எங்க வீட்டுக்காரர்தான் மொதல்ல கவனிச்சாரு, அவரு கீழமாசி வீதில ஒரு மளிகை மண்டில கணக்கு எழுதுறாரு, ஆளு அதிகம் பேச மாட்டாரு. ஒரு நாள் சாப்பிடும்போது, "இப்பெல்லாம் தட்டை மெதுவாத்தான் வைக்கிற"ன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு. ஒரு கஸ்டமர் இருக்காங்க, அவங்க குடுக்குற அளவு ப்ளவுஸே தப்பா இருக்கும், ஆனா தச்சுக் குடுத்ததும் ஆர்ம் ஹோல் பிடிக்குதுன்னு மூணு தடவை வருவாங்க. முன்னாடி எல்லாம் அவங்க தெருமுனைல வர்றதைப் பாத்தாலே எனக்கு நெத்தி சூடாகும். இப்பவும் பிடிக்கல, ஆனா பிரிச்சு அடிச்சுக் குடுத்துட்டு அடுத்த வேலையைப் பாக்க முடியுது, அந்த எரிச்சலை ராத்திரி வரைக்கும் தூக்கிக்கிட்டுத் திரியுறதில்ல. மாதவிடாய் நிக்கிற வயசு எனக்கு, திடீர்னு கழுத்துல இருந்து குப்புன்னு சூடேறி வேர்க்கும், அது நடந்ததுனால குறையல, அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது வந்தாலும் நல்லாத் தூங்கின உடம்பு அதைத் தாங்குது, தூங்காத உடம்பு தாங்க மாட்டேங்குது.

பிப்ரவரில திரும்ப ரத்தம் குடுத்தேன். குடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த எடை மெஷின்ல சபலப்பட்டு ஏறிட்டேன், 71.3. ஆரம்பிச்சதை விட முன்னூறு கிராம் கூட. அப்படியே கால் தளர்ந்துபோச்சு, 2019 மாதிரியே வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுச்சு. சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, ஏ1சி 5.9. ப்ரஷர் 132க்கு 84. டாக்டரம்மா, "என்ன பண்ணீங்க"ன்னாங்க. "எடை கூடிருச்சு டாக்டர்"ன்னேன். அவங்க சிரிச்சிட்டாங்க.

எடை குறையாம சுகர் எப்படிக் குறையுதுன்னு எனக்கு ஒரே சந்தேகம், லேப்ல மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு கூட நினைச்சேன். பாப்பா சொன்னது எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்துல இருந்து தசைக்குள்ள போகணும்னா சாதாரணமா இன்சுலின் வந்து கதவைத் தட்டணும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கதவு துருப்பிடிச்சுக் கிடக்கும், தட்டித் தட்டி இன்சுலின் ஓஞ்சு போகும். ஆனா தசை வேலை செய்யும்போது, அதாவது சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாக்காம தசையே உள்ள இருந்து கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்குமாம். வேலை முடிஞ்சப்புறமும் ஒரு நாள், ஒண்ணரை நாள் அந்தக் கதவு கொஞ்சம் லேசாவே திறக்கும். அதனாலதான் ரெண்டு நாளைக்கு மேல சேந்தாப்புல விடக் கூடாதுன்னு சொல்றாங்க. இதுல எடை எங்க வந்துச்சு? எடை குறைஞ்சா இன்னும் நல்லதுதான், இல்லங்கல, ஆனா இந்தக் கதவு எடை குறையட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல.

நம்ம சென்னைலயே இதைப் பாத்திருக்காங்க. டாக்டர் ராமச்சந்திரன் குழு, 2006ல வெளியிட்டது, என்னை மாதிரி வாசல்ல நின்ன 531 பேரை மூணு வருஷம் பாத்திருக்காங்க. வழக்கமான அட்வைஸ் மட்டும் வாங்கிட்டுப் போனவங்கள்ல 100க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்திருச்சு, நடையும் சாப்பாடும் விடாம மாத்தினவங்கள்ல 39 பேருக்குத்தான். அதுல முக்கியமான விசயம், அவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல. 39 பேருக்கு வரவும் செஞ்சிருக்கு, அதையும் பாத்துக்கங்க, நடந்துட்டா வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, அது டெய்லர்ங்குறதுனால பிடிச்சதோ என்னமோ. லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர், டபுள் டெக்கர் பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டுப் பாத்தாரு, 1953ல எழுதினாரு. ஒரே டிப்போ, ஏறத்தாழ ஒரே குடும்ப வசதி, ஆனா நாள் பூரா உக்காந்தே ஓட்டுற டிரைவருக்கு மாரடைப்பு அதிகம், ஒரு நாளைக்கு 500, 600 படி ஏறி இறங்குற கண்டக்டருக்குக் கம்மி. சரி டிரைவர் குண்டா இருந்திருப்பான், அதான் காரணம்னு யாராவது சொல்லுவாங்கள்ல? அதுக்கு அவரு என்ன பண்ணாரு தெரியுமா, பஸ் கம்பெனி யூனிஃபார்ம் தச்ச அளவை எடுத்துப் பாத்தாரு, பேன்ட் இடுப்பளவு! டிரைவருக்கு இடுப்பு பெருசுதான், ஆனா அதே இடுப்பளவு உள்ள கண்டக்டரைப் பாத்தாலும், ஒல்லியோ குண்டோ, கண்டக்டருக்குத்தான் ஆபத்து கம்மியா இருந்திருக்கு. இது 1956. பாப்பா இதைச் சொன்னப்ப நான் தைக்கிறதை நிறுத்திட்டேன். எங்கயோ ஒரு டெய்லர் நோட்டுல கிறுக்கி வச்ச இடுப்பளவு இம்புட்டு பெரிய விசயத்துக்கு சாட்சி சொல்லியிருக்கு பாருங்க. அந்த மோரிஸே 99 வயசு வரைக்கும் இருந்தாராம்.

நடை மட்டும் போதாதுன்னு நான் நடக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம்தான் பாப்பா பிடிவாதம் பிடிச்சா. வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு பாரம் குடுக்கணும், முப்பது வயசு தாண்டினாலே தசை மெதுவா கரைய ஆரம்பிக்கும், பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னதும் எலும்பும் சேந்து கரையும், நடை அதைக் கொஞ்சம்தான் தடுக்கும்னு. எனக்கு டம்பெல்லாம் தூக்குறதுக்கு வெக்கம். அதனால வீட்லயே. செவுத்துல கை வச்சு சாஞ்சு தள்ளுறது 10, நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது 10, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் கைக்கு ஒண்ணா தூக்கி இறக்குறது, ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, கணக்கு சுலபம். இதையே மூணு சுத்து. இப்ப ரெண்டு லிட்டர் பாட்டிலுக்கு வந்திருக்கேன். முத வாரம் தொடை வலில மாடிப்படி இறங்கும்போது அழுகையே வந்துச்சு, வலிச்சா விட்டுரணுமான்னு கேட்டேன். சதை பொதுவா வலிச்சா ரெண்டு நாள்ல போயிரும், மூட்டுல ஊசி குத்துற மாதிரி வலிச்சாலோ நெஞ்சை இறுக்கினாலோதான் நிறுத்தணும்னு சொன்னா.

ஒரு ஆறு மாசம் கழிச்சு எனக்கு நானே ஒரு ப்ளவுஸ் தச்சேன், பழைய அளவு ப்ளவுஸ் வச்சு வெட்டி. போட்டா, கை டைட்டு, இடுப்பு லூஸு. 22 வருஷமா தைக்கிறேன், என் அளவையே தப்பா வெட்டிட்டேன்னு நினைச்சு டேப் எடுத்தா இடுப்பு 36 அரை, புஜம் அரை இன்ச் கூட. எடை அதே எடை. சதை இடம் மாறியிருக்கு, இல்ல கொழுப்பு போய் சதை வந்திருக்கு, எதுவோ. நம்ம நாட்டுப் பொம்பளைங்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க, அதாவது 31 அரை இன்ச். என் கடைக்கு வர்ற கல்யாணமான பொண்ணுங்கள்ல 31 அரைக்குள்ள இருக்கிறவங்களை நான் விரல் விட்டு எண்ணிருவேன், அதுல நானும் கிடையாது. அது கிடக்கட்டும்.

எடை ஏன் குறையலங்குறதுக்கு ரகசியம் ஒண்ணுமில்ல, பருத்திப்பால். நடை முடிஞ்சு வர்ற வழில சூடா ஒரு டம்ளர், வெல்லம் சுக்கு எல்லாம் போட்டு. நாலு சுத்து நடந்து எரிச்சது அந்த ஒரு டம்ளர்ல பாதிக்கு மேல திரும்பி வந்துரும்னு பாப்பா சண்டை போடுவா. முன்னாடி தினமும், இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும், சில வாரம் புதன்கிழமையும். நடந்தா பசிக்கும், பசிச்சா திங்கிறோம், எடை அங்கயே நிக்குது. எடையைக் குறைக்கணும்னா தட்டுலதான் கை வைக்கணும், அது தனி வேலை, நான் அதைச் சரியாச் செய்யல. சோறு மட்டும் ரெண்டு கரண்டி குறைச்சிருக்கேன். ராத்திரி சாப்பிட்டு பத்து நிமிசம் மொட்டை மாடில உலாத்துறேன், சாப்பிட்ட உடனே ஏறுற சர்க்கரையை அந்தப் பத்து நிமிசம் நல்லாவே அமுக்குது, வீட்ல குத்திப் பாக்குற மெஷின் வச்சு ரெண்டு வாரம் பாத்தேன், அதே இட்லி, நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் 20, 25 வித்தியாசம் காட்டுச்சு.

எல்லாம் நல்லாப் போச்சுன்னு நினைச்சுராதீங்க. 2023 தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தம்னு அடுத்தடுத்து வந்து வாரக்கணக்குல சுத்தமா விட்டுட்டேன். முதுகு வலி வந்துச்சு, ரெண்டு மணி முழிப்பு வந்துச்சு, தட்டு சத்தம் வந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கிறது முத தடவையை விடக் கஷ்டம், ஏன்னா விட்ட இடத்துல இருந்து தொடங்கணும்னு மனசு நினைக்குது, உடம்பு பழைய இடத்துக்கே போயிருக்கு. முத நாளே நாலு சுத்து போய் மறுநாள் படுத்துட்டேன். அப்புறம்தான் புத்தி வந்து ஒரு சுத்துல ஆரம்பிச்சேன். இப்ப சீசன்ல எனக்குன்னு ஒரு குறைஞ்சபட்சக் கணக்கு வச்சிருக்கேன், எம்புட்டு வேலை இருந்தாலும் பாபின் சட்டமும் ராத்திரி மாடில பத்து நிமிசமும் மட்டும் விட மாட்டேன். 2024 தீபாவளி அப்படித்தான் ஓடுச்சு, முதுகு வலி வரல.

எங்க அத்தையைப் பத்தியும் சொல்லணும். மாமியார், 74 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க, "நடந்தா இன்னும் தேயும்"னு கட்டில்லயே இருந்தாங்க. பாப்பா விடல. மூட்டுல இருக்கிற குருத்தெலும்புக்கு நேரா ரத்த ஓட்டம் கிடையாது, அசைஞ்சாத்தான் அதுக்குச் சாப்பாடே போகும், தொடைச் சதை பலமா இருந்தாத்தான் முட்டி மேல பாரம் குறையும்னு சொல்லி, சாயங்காலம் சீரியல் ஓடும்போது நாற்காலில உக்கார வச்சு, விளம்பரம் வந்தா காலை நீட்டி அஞ்சு எண்ணிட்டு இறக்கச் சொன்னா. அத்தைக்கு சீரியல் கோட்டை விடக் கூடாது, விளம்பரத்துல கால் தூக்குறதுல ஆட்சேபணை இல்ல. நாலு மாசத்துல பாத்ரூமுக்கு செவுரைப் பிடிக்காம போனாங்க. முட்டி தேய்மானம் சரியாகல, எக்ஸ்ரே எடுத்தா அப்படியேதான் இருக்கும். ஆனா ராத்திரி விழுந்துருவோமோன்னு பயந்து தண்ணி குடிக்காம படுத்த மனுசி இப்ப பயமில்லாம குடிச்சிட்டுப் படுக்குறாங்க.

அவங்க ப்ரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுறவங்க, அதனால ஒண்ணு சொல்லிர்றேன், மாத்திரை போடுறவங்க நல்லா இருக்குன்னு தானா நிறுத்தாதீங்க, டாக்டர் பாத்துக் குறைப்பாங்க. இன்சுலின் போடுறவங்களும், சில சுகர் மாத்திரை போடுறவங்களும் வெறும் வயித்துல ரொம்ப நடந்தா சுகர் இறங்கிரும், எங்க கூட நடக்குற ஒரு ஐயாவுக்கு கிழக்குப் பக்கத்துல வச்சு கை நடுங்கி வேர்த்துக் கொட்டி உக்காந்துட்டாரு, பூக்கார அம்மா டீ வாங்கிக் குடுத்தாங்க. அதுல இருந்து நாங்க ரெண்டு மூணு பேரு பர்ஸ்ல மிட்டாய் வச்சிருக்கோம்.

இந்த மாசம் பாப்பா திரும்ப அளவு எடுத்தா. நாடி 71. நாற்காலி 16. மாடிப்படி ஏறி அவளைத் திட்டவே முடியுது. ஏ1சி போன தடவை 5.8, அது 5.7க்குக் கீழ இறங்க மாட்டேங்குது, எங்க அம்மா குடுத்த சொத்து அப்படி. போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் பாவாடைக்கு அடி மடிக்கத் தரைல உக்காந்து சுத்திச் சுத்தி குண்டூசி குத்தினேன், முடிச்சிட்டு எந்திரிக்கும்போதுதான் கவனிச்சேன், டேபிளையும் பிடிக்கல, பொண்ணு கையையும் பிடிக்கல.

ஒத்தைக் கால்தான் மானத்தை வாங்குது. வலது 40 செகண்ட் நிக்குது, இடது 11ஐத் தாண்ட மாட்டேங்குது. எட்டு வருஷத்துக்கு மேலா மோட்டார் மிதியை வலது காலே அமுக்கிக்கிட்டு இருக்கு, இடது கால் ஸ்டூலுக்குக் கீழ சும்மா மடங்கிக் கிடந்த காலு. அதனால காலைல பல்லு விளக்கும்போது இடது கால்ல மட்டும் நிக்கணும்னு பாப்பா உத்தரவு, பக்கத்துல பிடிக்க சிங்க் இருக்கிற மாதிரி. நேத்து அப்படி நின்னு வாயில நுரையோட எண்ணிக்கிட்டு இருக்கேன், எங்க வீட்டுக்காரரு பின்னாடி வந்து கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"னு கேட்டாரு. சிரிச்சதுல ஒம்பதுலயே கால் ஊணிட்டேன்.